விலாங்கு வாங்கிய குத்துகள்

வாரியத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கத்துக்கு மேல் பாராட்டு.

மகள் சமையலறை மேசையில் வைத்து அதைப் படித்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் ரொட்டி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

‘விண்ணப்பதாரர் தம் காலத்து மிடில்வெயிட் வீரர்களில் தற்காப்பில் ஈடிணையற்றவர். நான்கு ஆண்டுகள் பட்டத்தைத் தக்கவைத்தவர். எதிராளியின் குத்து முகத்தில் விழாமல் நழுவும் அபூர்வத் திறமையால் ரசிகர்களால் விலாங்கு என்று அழைக்கப்பட்டவர். ஆடிய முப்பத்தொரு போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையில் விழாதவர்.’

விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. ‘எனவே, இவருக்குத் தற்போதுள்ள நரம்புச் சிதைவு குத்துச்சண்டையால் ஏற்பட்டதெனக் கொள்ள முகாந்திரம் இல்லை. காயமுற்ற வீரர்களுக்கான பகல் நேரப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கோரும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.’

“அந்த மூணாவது வரியை இன்னொரு தடவை படி” என்றார் அப்பா.

“அப்பா, இடம் கிடையாதுன்னு எழுதியிருக்காங்க.”

“அது கடைசியில. நான் கேட்டது மூணாவது வரி.”

படித்தாள். அவர் சிரித்தார். அவருடைய முகத்தில் இப்போதெல்லாம் எந்த உணர்ச்சியும் முழுதாக வந்து சேர்வதில்லை. அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது.

அம்மா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“சிரிங்க. நல்லா சிரிங்க. இனிமே அந்தக் காகிதத்தையே பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க. ஈடிணையற்றவர் வந்து உங்களுக்குப் பொத்தான் போட்டுவிடுவாரு. கழிவறைக்குக் கூட்டிட்டுப் போவாரு.”

“நல்லாத்தானே எழுதியிருக்கான்.”

“நல்லா எழுதினதாலதாங்க நாசமாப் போச்சு!”

அம்மாவுக்கு வேலை ஒரு நீராவிச் சலவைக்கூடத்தில். விடுதிகள், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். வீட்டுக் கதவைவிட அகலமான சூடான உருளைகளுக்குள் ஈரத் துணியை இருவர் இந்தப் பக்கம் ஊட்ட, அந்தப் பக்கம் இருவர் வாங்கி மடிக்க வேண்டும். நான்கு மாதமாக அவள் அப்பாவையும் உடன் அழைத்துப் போனாள். வீட்டில் விட்டால் கேஸைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனார், இரண்டு முறை. பூட்டி வைத்தால் கதவைக் குத்தினார். அங்கே அழுக்குத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். போன வாரம் எழுந்து போய், சுருக்கம் விழுந்த விரிப்பை நீவிவிட உருளைக்குள் கையை நீட்டினார். எதிர்ப் பக்கத்துப் பெண் சிவப்புக் கைப்பிடியை இழுத்து இயந்திரத்தை நிறுத்தினாள். மேற்பார்வையாளர் மாதக் கடைசி வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா வந்தால் அம்மாவும் வர வேண்டாம்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை வேலை.

“யாரு இதை எழுதினது?” அம்மா கேட்டாள்.

“நிபுணர் கருத்துன்னு இணைச்சிருக்காங்க. கையெழுத்து மாஸ்டரோடது.”

“நம்ம மாஸ்டரா?”

“வேற எவனுக்கு என்னைத் தெரியும்?” என்றார் அப்பா.

*

மாஸ்டரின் பயிற்சிக்கூடம் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையில் இருந்தது. சுவர் தடிமன். உள்ளே நனைந்த தோலும் வலித் தைலமும் கலந்த வாடை. மாஸ்டருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், முதுகு வளையவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, பேச்சை நிறுத்திவிட்டு அதை ஊதினார்.

“உங்கப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சு எழுதல நான்.”

“குறைச்சு எழுதியிருந்தா இடம் கிடைச்சிருக்கும் மாஸ்டர்.” மகள் அவருடைய மேசைக் காலைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்படியா சங்கதி?” அவர் கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான். “சரி, மாத்திடலாம்.”

“மாத்தறதுன்னா?”

“கடைசி ரெண்டு வருஷம் கால் மெதுவாயிடுச்சு, கை தாழ்ந்துபோச்சு, சொன்ன பேச்சு கேக்கல, வாங்கிக் கட்டிக்கிட்டான். தாடை வேற பலவீனம். போதுமா?”

“அது உண்மையா மாஸ்டர்?”

“நல்ல ஆட்டக்காரன்மா அவன். நல்லவனா, ரொம்ப நல்லவனாங்கறது டீக்கடையில பேசறவன் கவலை. உனக்கு வேண்டியது இடம். எனக்கு இது ஒரு வரி.”

அங்கேயே எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். எழுதும்போது பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான்கு வருடப் பட்டம் ஆறு வரியில் காலியானது. மகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “நன்றி மாஸ்டர்” என்றாள். பேருந்தில் வீடு வரும் வரை அந்த நன்றிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

*

“தாடை பலவீனமா?” அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இந்தத் தாடையா? மாஸ்டர் சொன்னாரா?”

“எழுதியே கொடுத்திருக்காரு” என்றாள் அம்மா. “உட்காருங்க. உட்கார்ந்து மேல்முறையீட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“போட மாட்டேன்.”

“உங்க தாடை எப்படி இருந்தா எனக்கென்ன? இன்னும் பதினெட்டு நாள்தான் என்னை வேலையில வெச்சிருப்பாங்க.”

“சொன்ன பேச்சு கேக்கலன்னு போட்டிருக்கான். நானா? மாஸ்டர் பேச்சை நான் கேக்கலையா?”

“பொண்டாட்டி பேச்சைத்தான் கேட்டதில்லன்னு திருத்திப் போடச் சொல்லவா?”

டம்ளர் பறந்தது. அவர் எறிந்த இடத்துக்கு அது போகவில்லை. கதவில் பட்டு உருண்டது. எழுந்து நின்றபடியே அவர் டம்ளரைப் பார்த்தார். குறி தவறியதுதான் அவருக்கு அதிக அவமானமாக இருந்தது.

“நான் செத்த பிறகு எழுதச் சொல்லு. அப்போ என்ன வேணா எழுதிக்கட்டும்.”

“செத்தவங்களுக்குப் பராமரிப்பு இல்லத்துல இடம் கிடையாது” என்று சொல்லிவிட்டு அம்மா தரையைத் துடைத்தாள்.

மகள் அந்த ஆறு வரியைப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அப்பா குத்து வாங்கவில்லை என்கிறார். மாஸ்டர் முதலில் வாங்கவில்லை என்று எழுதினார், இப்போது வாங்கினான் என்று எழுதியிருக்கிறார். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ரசிகர் ஒருவர் முப்பத்தொரு போட்டிகளையும் படமெடுத்து, பிறகு வட்டுகளில் ஏற்றிக் கொடுத்திருந்தார். மகள் அவற்றைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். நான்கு மணிக்கு மேல் அங்கே கணினி சும்மா இருக்கும். ரத்த அணுக்களை வகை பிரித்து எண்ணும் எட்டுப் பொத்தான் கருவி ஒன்று உண்டு. ஒரு பொத்தான் தலைக்கு, ஒன்று உடம்புக்கு, ஒன்று தவறிய குத்துக்கு என்று வைத்துக்கொண்டாள். கண்ணாடித் தகட்டில் கோட்டின் மேல் விழுந்த அணுவை எண்ணுவதா விடுவதா என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் விதி உண்டு. உரசிப்போன குத்துக்கு விதி இல்லை. அவற்றையும் பட்டதாகவே சேர்த்தாள். அவளுக்கு எண்ணிக்கை அதிகமாக வேண்டியிருந்தது.

வரவில்லை. பத்து நாள் எண்ணினாள். திரையில் மெலிந்த ஒரு ஆள் கைகளை இடுப்பளவில் வைத்துக்கொண்டு நின்றார். குத்து வரும் இடத்தில் தலை இருந்தது. வந்து சேரும்போது இல்லை. மூன்றாவது பொத்தான்தான் ஓயாமல் அடித்தது. தவறியவை ஐயாயிரத்தை நெருங்கின. தலையில் பட்டவை, முப்பத்தொரு போட்டிகளிலும் சேர்த்து, நூற்றுப் பன்னிரண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, போன மாதம் நடந்த பட்டப் போட்டி ஒன்றையும் எண்ணினாள். அதில் ஜெயித்தவரே நூற்று நாற்பது வாங்கியிருந்தார்.

எல்லோரும் பேசிக்கொண்டதைவிட நல்ல ஆட்டக்காரர் அப்பா. அது தெரிந்ததும் மகள் கருவியை மேசையில் ஓங்கி வைத்தாள். பிறகு உடைந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தாள்.

*

சுத்தியல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வலது கைக்காக அவருக்கு வந்த பெயர் அது. பட்டத்தை அப்பாவிடம் இழந்தவர். மறுபடி கேட்டு ஆடி மறுபடி தோற்றவர். இப்போது வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறார். நகக்கண்களில் சிமெண்ட் இருந்தது. உட்காரும்போது முழங்காலைக் கையால் பிடித்து மடக்கினார். மகள்தான் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

“என்னண்ணே, எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். தரையை மட்டமாப் போடறியா?”

“உங்ககூட ஆடி மூஞ்சியால தரையை அளந்தவன் நான். மட்டம் எனக்குத் தெரியாதா?”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மகள் டம்ளரைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னாள். வாரியத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். இரண்டு போட்டிகளிலும் அவர் தலையில் பலமாக, பல தடவை அடித்ததாக.

“நானா?” சுத்தியல் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். “பாப்பா, ரெண்டு சண்டை, இருபத்துநாலு ரவுண்டு. இந்தத் தலை எங்க இருக்குன்னு காத்துல தேடித் தேடியே என் தோள்பட்டை போச்சு. அடிச்சேன்னு எழுதச் சொல்றியே.”

“அப்பாவுக்கு இடம் கிடைக்கும் மாமா.”

“எனக்கு? எவனாலயும் தொட முடியாத ஆளுகிட்டதான் தோத்தேன்னு சொல்லித்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடக்கறேன். இவரு சாதாரண ஆளுன்னா நான் யாரு? சாதாரண ஆளுகிட்ட ரெண்டு தடவை உதை வாங்கின ஆளு.”

“சொல்லு, நல்லாச் சொல்லு இவங்களுக்கு” என்றார் அப்பா.

“ரெண்டு ஆம்பளைங்க மானத்தையும் நல்லாத் துவைச்சு இஸ்திரி போட்டு வைங்க” என்றாள் அம்மா. “நான் அதைக் கட்டிக்கிட்டு வேலை தேடறேன்.”

சுத்தியல் தேநீரைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமையைப் பத்தி எழுதினா ஏத்துக்குவாங்களா?” என்று மகளிடம் கேட்டார்.

“வாயை மூடுடா” என்றார் அப்பா. பல மாதங்களாகக் குழறிக்கொண்டிருந்த குரல் அந்த இரண்டு வார்த்தையில் குழறவில்லை.

“நீங்க திட்டுங்கண்ணே. நான் சொல்லிடறேன்.” அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “ரெண்டாவது தடவை தோத்ததும் மாஸ்டர்கிட்டயே போய்ச் சேர்ந்தேன் அண்ணி. இவரு எங்க இந்த வித்தையைக் கத்துக்கிட்டாருன்னு பார்க்க. சனிக்கிழமை காலையில ஹெவிவெயிட் ஆளுங்களுக்குப் பயிற்சி. தொண்ணூறு கிலோ, நூறு கிலோ. அவங்க அடிச்சுப் பழகறதுக்கு இவரை நிறுத்துவாங்க. இவரு எழுபத்திரண்டு கிலோ. முதல்ல சும்மாத்தான் விட்டிருக்காங்க. எவனாலயும் இவரைத் தொட முடியல. வெறுத்துப்போய் ரெண்டு பேரு விட்டுட்டு ஓடிட்டாங்களாம். அதுக்கப்புறம் மாஸ்டர் நடுவுல ஒரு ரப்பர் பாய் போட்டாரு. இவ்வளவு அகலம்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் காட்டினார். “இவரு அதுலேர்ந்து கால் எடுக்கக் கூடாது. திருப்பி அடிக்கவும் கூடாது. ஒருத்தனுக்கு மூணு ரவுண்டு. மூணு பேரு.”

“எத்தனை வாரம்?” மகள் கேட்டாள்.

“நான் பார்த்தது மூணு. ஆனா அது அவரு சேர்ந்ததுலேர்ந்து விலகின வரைக்கும். பதினோரு வருஷம். அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“பாய் மேல நின்னுக்கிட்டே பாதியைத் தட்டிவிட்டேன்” என்றார் அப்பா. “கேளு இவனை.”

“தட்டினாரு. மீதிப் பாதி விழுந்துச்சு.” சுத்தியல் அவரைப் பார்க்கவில்லை. “மூணாவது சனிக்கிழமை மாஸ்டர் என்னைப் பார்த்து, நீ ஒரு ரவுண்டு போறியான்னு கேட்டாரு. போனேன் அண்ணி. ரெண்டு சண்டையிலயும் கிடைக்காத தலை அங்கேயே நின்னுது. நாலு விழுந்துச்சு. நாலாவது விழுந்தப்போ, ‘இப்பவாவது கிடைச்சுதா’ன்னு கேட்டுச் சிரிச்சாரு. கையுறையைக் கழட்டி வெச்சுட்டு வெளியே வந்தேன். திரும்பப் போகல. எனக்கு இது அசிங்கம்தான். ஆனா நடந்தது. எழுதித் தரேன்.”

அம்மா அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு?”

“ஏழுலேர்ந்து ஒம்பது.”

“பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாரு. வந்ததும் வாந்தி எடுப்பாரு. வெளிச்சம் ஆகாதுன்னு ஜன்னலைச் சாத்தச் சொல்வாரு. சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாரு.” அவள் யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “நான் எண்ணெயை மாத்தினேன். தண்ணியைக் கொதிக்க வெச்சேன். வெள்ளிக்கிழமை காரமே போடறதில்ல. கலப்பட எண்ணெய் கொடுத்துட்டான்னு கடைக்காரனைத் தெருவுல நிறுத்திச் சண்டை போட்டேன். பதினோரு வருஷம், என் சமையல்னு நெனச்சேனே!”

“பயிற்சியில வாங்கறதை யாரும் எண்ண மாட்டாங்க” என்றார் அப்பா.

“ஏம்பா பாயை விட்டு இறங்கல?” மகள் கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை.

அவர் கேள்வி புரியாதவர்போல அவளைப் பார்த்தார்.

“மாஸ்டர் இறங்கச் சொல்லல” என்றார்.

*

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மா சீருடையோடு பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். மாலையில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“மறுக்கவே இல்லடி அந்த ஆளு. பெரிய பசங்களைப் பார்க்கத்தான் ஜனம் டிக்கெட் வாங்கிச்சாம். அவங்க மனசு உடையக் கூடாதாம். ‘உன் வீட்டுக்காரன் மாதிரி தாங்கறவன் எவனும் இல்லம்மா, அவ்வளவு நல்லவன்’னு என்கிட்டயே சொல்றான். அவ்வளவு நல்லவன்னு தெரிஞ்சேதான் செஞ்சீங்களான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“விசில் ஊதினான். அடுத்த ரவுண்டுக்கு நேரமாயிடுச்சாம்.” அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அந்தப் பாய் எங்கன்னு கேட்டேன். வாசல்ல கிடக்குதாம். உள்ளே நுழையும்போது அதுலதான் நல்லாக் காலைத் துடைச்சுட்டுப் போயிருக்கேன்.”

மகள் மாஸ்டரின் ஆறு வரிக் கடிதத்தைக் கிழித்தாள். சுத்தியல் கட்டம் கட்டமான எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை இணைத்தாள். தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதினாள். அலங்காரம் எதுவும் எழுதத் தெரியாததால், பரிசோதனை அறிக்கை எழுதுவதைப் போலவே எழுதினாள். எண்ணியது எது, எப்படி எண்ணியது, யார் பார்த்தது. போட்டிகளில் தலையில் பட்டவை: 112. சனிக்கிழமைகளில் தலையில் பட்டவை: 13,068. கீழே மாஸ்டரின் பெயர், பயிற்சிக்கூடத்தின் பெயர், பாயின் அளவு.

அவகாசம் முடிய ஒரு நாள் இருந்தது. அப்பா தாளை மேசையில் வைத்து, அது நகராமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டு படித்தார். அம்மா பேனாவோடு பக்கத்தில் நின்றாள்.

“மாஸ்டர் பேரு இருக்கு” என்றார்.

“இருக்கு.”

“எடுத்துடு.”

“எடுக்க மாட்டேன்” என்றாள் மகள். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “பேரை எடுத்தா, அப்புறம் யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு ஆடத் தெரியாம சண்டையில வாங்கினீங்கன்னு ஆகும். ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க.”

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குடம் வைக்காமல் போயிருந்தார்கள். அது கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா பேச வாயெடுத்தாள்; மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்பாவின் விரல் தாளில் ஊர்ந்து ஒரு இடத்தில் நின்றது.

“நூத்திப் பன்னண்டுன்னு யாரு எண்ணினது?”

“நான்தான்.”

“தப்பு.”

“ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்தேன்பா.”

“ஒம்பதாவது சண்டை. மூணாவது ரவுண்டு. இடது கை ஆளு.” காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை, அரை மணி முன்புதான் அதைக் கேட்டுச் சண்டை போட்டிருந்தார். “அது என் தோள்ல பட்டு, போற போக்குல காதை உரசிச்சு. அது குத்து இல்ல. நூத்திப் பதினொண்ணு. எவன் வேணா படத்தைப் போட்டுப் பார்க்கட்டும்.”

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. ஒரு குத்தை அதிகமாகச் சேர்த்ததற்காக மகள்மேல் அவருக்கு வந்த கோபத்தில் நூறில் ஒரு பங்கு அந்த விசில்காரன்மேல் வரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் அந்தக் குத்து அவளுக்கு நினைவிருந்தது. உரசியதுதான். 112-ஐ அடித்து 111 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள்.

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

“இது எப்படி?”

“பதினோரு வருஷம். லீவு, போட்டி வாரம் எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு நாப்பத்துநாலு சனிக்கிழமை. ஒம்பது ரவுண்டு. ரவுண்டுக்கு ஏழெட்டு விழும்னு மாமா சொன்னாரு. யாரும் ஆட்சேபிக்கக் கூடாதுன்னு நான் மூணுன்னு வெச்சுக்கிட்டேன்.”

அப்பா கையை நீட்டினார். அம்மா பேனாவைக் கொடுத்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரம் வரை போய் முடிந்தது. பேனாவை வைத்துவிட்டு மறுபடி அந்த எண்ணைப் பார்த்தார்.

“இது கம்மி” என்றார்.